கடினமான கணித வகுப்புக்கு ஆயத்தமாதல்: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

உயர்நிலைப் பள்ளியில் கடினமான கணித வகுப்பு ஒன்றில் சேரவிருக்கும் மாணவருக்குப் பெரும்பாலோர் சொல்லும் அறிவுரை ‘நிறையக் கணக்குப் போட்டுப் பழகு’ என்பதுதான். அறிவுரை தவறில்லை. ஆனால் எங்கே இடறுகிறோம் என்று தெரியாமல் போடும் நூறு கணக்குகள், அந்த இடறலையே நூறு முறை கையில் படிய வைத்துவிடும். புதிய பாடத்தில் தலைகாட்டும் கோளாறின் வேர், பெரும்பாலான மாணவர்களிடம், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் படித்த ஏதோ ஒரு பாடத்தில் இருக்கிறது. ஆகவே அறிகுறியைப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் சரிசெய்வதே வகுப்பு தொடங்குமுன் செய்யத்தக்க மிகப் பயனுள்ள வேலை. கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. சோதனையை முடித்தபின், உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகச் செல்லலாம்.

இக்கட்டுரை முழுவதிலும் தெரியாத எண்ணை ‘க’ என்று குறித்திருக்கிறேன். உங்கள் பாடநூல் வேறு எழுத்தைப் பயன்படுத்தும். எழுத்து மாறுவதால் கணக்கு மாறாது.

முதலில் ஒரு சிறு சோதனை

கால்குலேட்டர் இல்லாமல், வெற்றுத் தாளில், பின்வரும் ஆறையும் செய்து பாருங்கள். 3/4 − 5/6 எவ்வளவு? −2(க − 3)² என்பதை விரித்து எழுதுங்கள். க² = 5க என்பதைத் தீருங்கள். 2³ × 2⁻⁵ எவ்வளவு? (−1, 4), (3, −2) ஆகிய புள்ளிகள் வழியே செல்லும் கோட்டின் சாய்வு என்ன? (க² − 9)/(க − 3) என்பதைச் சுருக்குங்கள்.

விடைகள் முறையே −1/12; −2க² + 12க − 18; 0, 5 ஆகிய இரண்டும்; 1/4; −3/2; க + 3, ஆனால் க என்பது 3 ஆக இருக்கக் கூடாது. ஆறும் தயக்கமின்றி வந்துவிட்டால் உங்கள் அடித்தளம் உறுதியாக இருக்கிறது. சிக்கல் இருந்தால் அது படிக்கும் முறையிலோ தேர்வு எழுதும் முறையிலோதான் இருக்கும். ஒன்றிரண்டு தவறினால், தவறியது எதுவோ அந்தப் பாடத்துக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். மூன்றோ அதற்கு மேலோ தவறினால், புதிய வகுப்பின் புத்தகத்தை இப்போதே புரட்டுவதைத் தள்ளிவைத்துவிட்டு, பின்னம், குறியெண், அடுக்கு, காரணிப்படுத்தல், நேர்க்கோட்டுச் சமன்பாடு ஆகிய ஐந்தையும் முதலில் செப்பனிடுவதே நல்லது. முன்கூட்டியே புதிய பாடத்தைப் படித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் பலர் இந்த வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள்.

அறிகுறி: வகுப்பில் புரிகிறது, தனியே உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை

மாணவர்கள் மிக அதிகமாகச் சொல்லும் குறை இது. ஆசிரியர் பலகையில் ஒவ்வொரு வரியாக எழுதும்போது ‘ஆம், சரிதான்’ என்று தலையசைக்க முடிவது ஒரு திறன். வெற்றுத் தாளின் முன் அமர்ந்து அடுத்த வரி எதுவென்று தீர்மானிப்பது வேறொரு திறன். முதலாவதை எவ்வளவு பழகினாலும் இரண்டாவது தானாக வந்துவிடாது. தீர்த்த கணக்குகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும், காணொளிகளைத் தொடர்ந்து பார்ப்பதும் முதலாவது வகையைச் சேர்ந்தவை. படித்துவிட்டோம் என்ற நிறைவை அவை கொடுத்துவிடுவதால், குறை இருப்பதே தேர்வு நாள் வரை தெரியாமல் போகிறது.

செய்ய வேண்டியது இது. தீர்த்துக் காட்டிய ஒரு கணக்கை ஒருமுறை கவனமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, அதே கணக்கைத் தொடக்கத்திலிருந்து எழுதுங்கள். நின்றுபோன இடத்தில் புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள். பார்த்ததும் மூடிவிட்டு, நின்ற இடத்திலிருந்து தொடராமல் மீண்டும் முதல் வரியிலிருந்தே எழுதுங்கள். முழுவதும் தடையின்றி வந்த பிறகு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘இது ஏன்’ என்று சில சொற்களில் குறியுங்கள்: ‘பகுதியை நீக்க’, ‘ஒத்த உறுப்புகளைச் சேர்க்க’, ‘க-வைத் தனியாக்க’ என்பது போல. காரணம் எழுத முடியாத வரி எதுவோ, அதுதான் உண்மையில் உங்களுக்குப் புரியாத வரி. மறுநாள் எண்களை மட்டும் மாற்றி அதே கணக்கை மறுபடி செய்யுங்கள்.

அப்படியும் தொடக்கம் கிடைக்காத கணக்குகளில், கொடுக்கப்பட்டவை எவை, கேட்கப்பட்டது எது, இரண்டையும் இணைக்கக்கூடிய தொடர்பு எது என்று மூன்றையும் தாளில் எழுதிவிடுங்கள். மனத்துக்குள் நினைத்துக்கொண்டால் போதாது, எழுத வேண்டும். எழுதத் தொடங்கியபின் முதல் வரி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அறிகுறி: முறை சரி, விடை மட்டும் தவறு

‘கவனக்குறைவு’ என்று பெயரிட்டு இதை ஒதுக்கிவிடுவது வழக்கம். இந்தப் பெயர் மாணவருக்குப் பெரும் தீங்கு செய்கிறது என்பதே என் கருத்து. தற்செயலான கவனக்குறைவு என்றால் தவறுகள் எங்கும் சிதறிக் கிடக்க வேண்டும். திருத்தப்பட்ட விடைத்தாள்களை அடுக்கிவைத்துப் பார்த்தால் ஒரே மாணவரிடம் ஒரே வகைத் தவறு மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். அது பழக்கம் என்பதால், வேறொரு பழக்கத்தால் மாற்றவும் முடியும்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். க/2 − (க − 4)/3 = 3 என்ற சமன்பாட்டின் இரு பக்கங்களையும் 6 ஆல் பெருக்குகிறோம். கிடைக்க வேண்டியது 3க − 2(க − 4) = 18. இதை விரிக்கும்போது பலர் 3க − 2க − 8 = 18 என்று எழுதி, க = 26 என்று முடித்துவிடுகிறார்கள். அடைப்புக்கு முன்னுள்ள −2, உள்ளே இருக்கும் −4 ஐயும் பெருக்கும்போது +8 ஆக மாறுகிறது; ஆகவே சரியான வரி 3க − 2க + 8 = 18, விடை 10. தொடக்கச் சமன்பாட்டில் 10 ஐ இட்டால் 5 − 2 = 3 என்று பொருந்துகிறது; 26 ஐ இட்டால் 13 − 22/3 வருகிறது, அது 3 அன்று. விடையைத் திரும்ப இட்டுப் பார்க்கச் சில விநாடிகளே ஆகும். அதைச் செய்யும் பழக்கம் இருந்திருந்தால் தவறு அங்கேயே பிடிபட்டிருக்கும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில தவறுகளும் உண்டு. (அ + ஆ)² என்பதை அ² + ஆ² என்று எழுதுவது அவற்றில் முதன்மையானது. 3, 4 என்ற எண்களை இட்டுப் பாருங்கள்: ஒருபுறம் 49, மறுபுறம் 25. √(9 + 16) என்பதை 3 + 4 என்று பிரிப்பதும் இதே பிழைதான். சரியான மதிப்பு 5. −3² என்பது −9, (−3)² என்பது 9. கால்குலேட்டரில் எண்ணை இடும்போதும் இந்த வேறுபாடு முக்கியம். (க + 6)/6 என்பதில் இரண்டு 6 களையும் அடித்துவிடக் கூடாது, ஏனெனில் தொகுதியில் 6 கூட்டப்பட்டிருக்கிறதே தவிரப் பெருக்கப்படவில்லை. க² = 5க என்பதில் இரு பக்கங்களையும் க-வால் வகுத்தால், க = 0 என்ற தீர்வு சத்தமின்றித் தொலைந்துபோகும்; எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து க(க − 5) = 0 என்று காரணிப்படுத்துவதே பாதுகாப்பு. தீர்வு தொலைவதைப் போலவே, இல்லாத தீர்வு வந்து சேர்வதும் உண்டு. √(க + 6) = க என்பதை வர்க்கப்படுத்தினால் 3, −2 என இரண்டு கிடைக்கும்; ஆனால் −2 ஐ இட்டால் இடப்புறம் 2, வலப்புறம் −2. அதைத் தள்ளிவிட வேண்டும்.

இதற்குப் பிழைக் குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நீங்கள் எழுதிய தவறான வரி, வலப்பக்கம் சரியான வரி, கீழே பிழையின் பெயர். முழுக் கணக்கையும் படியெடுக்க வேண்டாம். தவறு நேர்ந்த ஒரு வரி போதும். சில வாரங்களில் இரண்டு அல்லது மூன்று பெயர்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும். அவை தெரிந்தபின், தேர்வில் விடைத்தாளைச் சரிபார்க்கும்போது எல்லாவற்றையும் மேலோட்டமாகப் பார்ப்பதை விட்டு, அந்த இரண்டு மூன்று பிழைகளை மட்டும் தேடிச் செல்லலாம்.

அறிகுறி: சூத்திரங்கள் மறந்துபோகின்றன

இங்கே இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, மறதியின் இயல்பு. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885 இல் வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பதை அவர் காட்டினார். ஒரே நாளில் மூன்று மணி நேரம் படிப்பதைவிட, அதே மூன்று மணி நேரத்தை இடைவெளிவிட்டுப் பல நாள்களில் பிரித்துப் படிப்பது நன்மை தரும். இன்று படித்ததை நாளையும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும், புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. சூத்திரத்தை அதன் பிறப்பிடம் தெரியாமல் படித்தால் அது எபிங்ஹாஸின் பொருளற்ற அசையைப் போலத்தான் மனத்தில் தங்கும். இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 9 ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, க² + 10க = 39 என்ற கணக்கைப் படம் வரைந்து தீர்த்துக் காட்டினார். க பக்கமுள்ள ஒரு சதுரம் வரையுங்கள். 10க பரப்பை இரண்டாகப் பிரித்து, 5 அகலமுள்ள இரண்டு பட்டைகளாக அச்சதுரத்தின் இரு அடுத்தடுத்த பக்கங்களில் ஒட்டுங்கள். இப்போது மூலையில் 5 × 5 அளவுள்ள சிறு சதுரம் மட்டும் குறைகிறது. அதை நிரப்பினால் மொத்தப் பரப்பு 39 + 25 = 64; பெரிய சதுரத்தின் பக்கம் 8; எனவே க = 3. நீளத்துக்கு எதிர்மறை மதிப்பு இல்லையாதலால் அவர் அத்துடன் நிறுத்திக்கொண்டார்; நாம் க + 5 = −8 என்பதையும் எடுத்துக்கொண்டு −13 என்ற இரண்டாம் தீர்வையும் பெறுகிறோம்.

இந்தப் படத்தை ஒருமுறை கையால் வரைந்தவர், அ·க² + ஆ·க + இ = 0 என்ற பொதுச் சமன்பாட்டுக்கும் இதையே செய்யலாம்: அ-வால் வகுத்து, நடு உறுப்பின் கெழுவில் பாதியை எடுத்து, அதன் வர்க்கத்தை இருபுறமும் கூட்டினால் சூத்திரம் சில வரிகளில் வந்து நிற்கும். தேர்வில் ஒவ்வொரு முறையும் இப்படி வருவிக்க நேரம் இராது, உண்மைதான். ஆனால் வருவிக்கத் தெரிந்தவருக்குச் சூத்திரம் எளிதில் மறப்பதில்லை, மறந்தாலும் மீட்டுக்கொள்ளலாம். கடினமான வகுப்புக்குமுன் ஒரே ஒரு பாடத்தை ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால், மேலே கண்ட இந்த முறையை, அதாவது வர்க்கப் பூர்த்தியைத்தான் நான் படிக்கச் சொல்வேன். வட்டத்தின் சமன்பாடும், பரவளையத்தின் முனையைக் காண்பதும் பின்னால் இதையே நம்பியிருக்கின்றன.

அறிகுறி: பாடவாரியாகச் செய்தால் வருகிறது, கலந்து கேட்டால் வரவில்லை

ஒரு பயிற்சியின் தலைப்பே ‘காரணிப்படுத்துக’ என்றிருந்தால், எந்த முறையைக் கையாள்வது என்ற முடிவை நூலே உங்களுக்காக எடுத்துவிடுகிறது. தேர்வில் அந்த உதவி இல்லை. டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், திண்மப் பொருள்களின் கன அளவு காணும் கணக்குகளை ஒரு குழுவுக்கு வகைவாரியாகவும் மற்றொரு குழுவுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது கலந்து செய்தவர்கள் பின்தங்கினார்கள்; ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் அவர்களே மிகவும் முந்தினார்கள். கலந்து பழகும்போது ஏற்படும் தடுமாற்றத்தைத் தோல்வியாக எண்ணி, வகைவாரிப் பயிற்சிக்குத் திரும்பிவிடாதீர்கள்.

நான்கு வெவ்வேறு பாடங்களிலிருந்து தலா மூன்று கணக்குகளைச் சிறு தாள்களில் எழுதி, கலைத்து வையுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, தீர்க்காமல், எந்த முறை பொருந்தும், கணக்கின் எந்தச் சொல் அல்லது வடிவம் அப்படி நினைக்க வைத்தது என்று மட்டும் எழுதுங்கள். தீர்ப்பது பிறகு. முறையைத் தெரிவு செய்வதற்கென்றே தனிப் பயிற்சி கொடுப்பது மிகச் சிலரே செய்யும் வேலை, ஆனால் பலன் மிகுந்தது.

அறிகுறி: சொற்கணக்கு என்றாலே கை நின்றுவிடுகிறது

ஒருவர் ஓர் ஊருக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, அதே வழியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறார். சராசரி வேகம் என்ன? கண்ணில் பட்ட இரண்டு எண்களையும் கூட்டி இரண்டால் வகுத்து 50 என்று சொல்லிவிடத் தோன்றும். தூரம் 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 3 மணி, வர 2 மணி, மொத்தம் 240 கிலோமீட்டருக்கு 5 மணி, சராசரி 48. குறைந்த வேகத்தில் கூடுதல் நேரம் பயணித்ததால், சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. தூரத்தை 60 என்று வைத்தாலும் இதே விடை வருவதைச் சோதித்துப் பாருங்கள். தூரம் ஏன் விடையைப் பாதிக்கவில்லை என்ற கேள்வி அப்போது தானே எழும், இயற்கணிதத்தில் எழுதிப் பார்த்தால் அது சுருங்கி மறைவதும் தெரியும்.

சொற்கணக்கில் தடுமாறுவோரின் பொதுக் கோளாறு, முழு வாக்கியத்தையும் படிக்குமுன் எண்களைப் பொறுக்கிச் செயலில் இறங்குவதே. முதல் வாசிப்பில் எண்களை மறைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்து, தூரம், வேகம், நேரம் போன்ற அளவுகளுக்கு ஓர் அட்டவணை போட்டு, தெரிந்ததை நிரப்பி, தெரியாததற்கு எழுத்து வையுங்கள். எழுத்து எதைக் குறிக்கிறது என்பதை அலகுடன் எழுதுவது கட்டாயம்: ‘க = போகும் நேரம், மணிகளில்’. இறுதியில் விடை நியாயமானதா என்று பாருங்கள். சராசரி வேகம் 40 க்கும் 60 க்கும் வெளியே வந்தால், எங்கோ தவறு.

அறிகுறி: புதிய குறியீட்டைப் பார்த்ததும் மலைப்பு

கடினமான வகுப்பில் முதலில் அச்சுறுத்துவது சார்புக் குறியீடு. ச(க) = க² − 3க என்று கொடுத்து, ச(க + 2) கேட்டால், ச-வையும் க + 2 ஐயும் பெருக்கத் தொடங்குவோர் உண்டு; க² − 3க + 2 என்று முடிப்போரும் உண்டு. அடைப்புக்குள் இருப்பது உள்ளே போடும் பொருள், ச என்பது அதை வைத்துச் செய்யும் வேலை. க-வை அழித்துவிட்டு ச( ) = ( )² − 3( ) என்று வெற்று அடைப்புகளாக எழுதுங்கள்; பின்பு ஒவ்வோர் அடைப்பிலும் க + 2 ஐ முழுதாக இடுங்கள். (க + 2)² − 3(க + 2) என்பது க² + க − 2 ஆகச் சுருங்கும். க = 1 என்று இட்டுச் சரிபார்க்கலாம்: ச(3) = 9 − 9 = 0, மறுபுறம் 1 + 1 − 2 = 0. எந்தப் புதிய குறியீடு வந்தாலும், ஓர் எளிய எண்ணை இட்டு அது என்ன செய்கிறது என்று பார்ப்பதே முதல் வேலையாக இருக்கட்டும்.

அறிகுறி: கால்குலேட்டர் பொருந்தாத விடை தருகிறது

30 பாகையின் சைன் 0.5 வர வேண்டிய இடத்தில் −0.988 வந்தால், கருவி கோணத்தின் மற்றோர் அலகான ரேடியனில் இருக்கிறது. பாகைக்கு மாற்றுங்கள். தேர்வு தொடங்கியதும் இந்த ஒரு மதிப்பை இட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தெரிந்த கணக்குகளுக்கும் நேரம் போதவில்லை

வேகமாக எழுத முயல்வது தீர்வாகாது. அது கூட்டல், கழித்தல் குறிகளில் நேரும் பிழைகளையே பெருக்கும். நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் சிறு செயல்கள்தான்: பின்னங்களைக் கூட்டுவது, எளிய இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துவது, அடுக்குகளைச் சுருக்குவது. இவை யோசிக்காமல் வர வேண்டும். நாள்தோறும் பத்து நிமிடம் இவற்றை மட்டும் செய்து, வேகத்தைவிடச் சரித்தன்மையைக் கவனித்து வந்தால் வேகம் பின்னால் வரும். தேர்வில், முறை தோன்றாத கணக்கில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்காமல், தெரிந்தவரை எழுதிவிட்டு நகர்ந்து, இறுதியில் திரும்பி வாருங்கள்.

அறிகுறி: தேர்வில் அமர்ந்ததும் எல்லாம் மறந்துபோகிறது

ஒரே நேரத்தில் நம் மனம் கையில் ஏந்தக்கூடிய செய்திகள் மிகச் சிலவே. பதற்றம் வந்து அந்த இடத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும்போது, கணக்குக்கு எஞ்சும் இடம் சுருங்குகிறது. அறிவு குறைந்ததாக அதற்குப் பொருளில்லை. எனவே மனத்தின் சுமையைத் தாளுக்கு மாற்ற வேண்டும். இடைப்படிகளைத் தாவாமல் எழுதுங்கள். பயிற்சியின்போதே சில முறையேனும் நேரம் வைத்து, புத்தகமின்றி, ஒரே இருக்கையில் அமர்ந்து முழு வினாத்தாளைச் செய்யுங்கள். தேர்வுச் சூழல் முதன்முறையாகத் தேர்வு நாளில் வரக் கூடாது. அதற்கு முந்தைய இரவு விழித்திருந்து படிப்பது இந்த அறிகுறியைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

அறிகுறி: உதவி கேட்டும் தெளிவு பிறக்கவில்லை

‘எனக்கு இந்தப் பாடம் புரியவில்லை’ என்று சொன்னால், ஆசிரியர் பாடத்தை மறுபடி நடத்துவதைத் தவிர வேறு வழியில்லை. முதல் முறை புரியாத அதே இடம் மீண்டும் கடந்து போய்விடும். முயன்று பார்த்த தாளுடன் செல்லுங்கள். ‘ஐயா, மூன்றாம் வரி வரை வந்தது, நான்காம் வரியில் ஏன் மூன்றால் வகுக்கிறோம் என்று தெரியவில்லை’ என்று கேட்கும் மாணவருக்கு, அந்த ஒரு முடிச்சை ஆசிரியரால் அவிழ்த்துவிட முடியும். விளக்கம் கேட்டபின், அங்கேயே நின்று, அவர் முன்னாலேயே அதே வகைக் கணக்கு ஒன்றைச் செய்து காட்டுங்கள்.

இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்தும், எண்களின் அளவையே உணர முடியாமல், எளிய கூட்டல் பெருக்கல் கூட ஆண்டுக்கணக்கில் நிலைக்காமல், இலக்கங்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தால், அதை உழைப்பின் குறையாகக் கருதிக் கண்டிக்கக் கூடாது. பார்வைக் குறை இருக்கிறதா என்று முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அது இல்லையென்றால், டிஸ்கால்குலியா என்ற கற்றல் சிரமம் இருக்கிறதா என்று பள்ளியின் ஆலோசகர் வழியாகவோ கற்றல் சிரமங்களில் தேர்ந்த உளவியலாளரிடமோ முறையான மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும். கூடுதல் நேரம், கால்குலேட்டர் அனுமதி போன்ற ஏற்பாடுகளைப் பள்ளியிடம் கேட்பதற்கு அந்த அறிக்கை தேவைப்படக்கூடும் என்பதால், இதை வகுப்பு தொடங்கிய பிறகு அல்லாமல் அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.